டாக்ஸி ஓடாத நாளில் பிள்ளையை யார் பார்ப்பது?

போன வருஷம் ஒரு புதன்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு வாட்ஸாப்பில் ஒரே ஒரு வரி வந்தது: வேலைநிறுத்தம், இன்று டாக்ஸி ஓடவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே தென்னாப்பிரிக்காவில் டாக்ஸி என்றால் பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு போகும் வெள்ளை வேன். டெம்பிசாவிலிருந்து, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் நாங்கள் இருக்கும் மிட்ராண்டுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சிசி (அக்கா என்பது போல இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தினமும் வருவது அதில்தான், அது நின்றால் அவரும் நிற்க வேண்டியதுதான். எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங், கணவருக்கு எட்டரைக்கு, கையில் பதினோரு மாதப் பையன், பெரியவளைப் பள்ளியில் விட வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து "பிள்ளையைப் பார்த்துக்க எது நல்லது, ஆள் வைக்கிறதா, கிரெஷ்ல (குழந்தைகள் காப்பகத்துல) போடறதா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஏற்பாடு உடைகிற நாளில் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? எல்லா ஏற்பாடும் உடையும். எது எப்போது உடையும், அது உங்கள் வீட்டுக்குத் தாங்குமா என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நாங்களே சில விதம் பார்த்துவிட்டோம், மற்றவற்றை அக்கம்பக்கத்தில் பார்த்தோம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, ஊரிலிருந்து அம்மாவையோ அத்தையையோ வரவழைப்பது. பிரசவம் ஆன முதல் மாதங்களுக்கு இதைவிட ஒன்று கிடையாது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்ட எந்த ஏஜென்சியும் ஆள் அனுப்பாது. ஆனால் விசா வழக்கமாக 90 நாள். சென்னையிலிருந்து நேராக விமானம் இல்லை, துபாயிலோ அடிஸ் அபாபாவிலோ இறங்கி மாறி வர வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு அதுவே ஒரு தண்டனை. வந்தபின் அவர்கள் படும் பாடு வேறு. என் அத்தை கோவில்பட்டியில் வாசலில் உட்கார்ந்தால் தெருவே பேச வரும். இங்கே சுற்றிலும் மின்வேலி, உள்ளே முப்பது வீடு, பகலில் ஒரு மனித முகம் கிடையாது. ஜூன் ஜூலையில் வந்தாரோ, கடல்மட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊரில், சூடேற்றும் வசதி இல்லாத வீட்டில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒன்பது கிலோ பிள்ளையைத் தூக்க வேண்டும். இது உடைவது தொண்ணூற்றோராம் நாள். தேதி முன்கூட்டியே தெரியும் என்பது மட்டும்தான் ஆறுதல்.

கிரெஷ். இதில் எனக்குப் பெரிய ஏமாற்றமும் உண்டு, பின்னால் பெரிய நிம்மதியும் வந்தது, எல்லாம் வயதைப் பொறுத்தது. இங்கே சட்டப்படி ஒன்றரை வயதுக்குள் இருக்கும் ஆறு குழந்தைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். ஒன்றரையிலிருந்து மூன்று வயது வரை பன்னிரண்டு பேருக்கு ஒருவர். சட்டமே இவ்வளவுதான் கேட்கிறது என்றால், ஆறு கைக்குழந்தைகளில் நான்கு ஒரே நேரத்தில் அழும்போது உங்கள் பிள்ளை எத்தனையாவது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு பிள்ளைகளுக்கு மேல் வைத்து நடத்தும் இடம் எதுவானாலும் பதிவு செய்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்குப் போய்விட்டது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சுவரில் இல்லாமல் "ஃபைலில் இருக்கிறது" என்றால் ஃபைலையும் கேளுங்கள்.

பெரியவளைப் பத்து மாதத்தில் கிரெஷில் போட்டோம். முதல் குளிர்காலம் வந்தது. மூக்கு ஒழுகினால் வரக்கூடாது, காய்ச்சல் விட்டு ஒரு முழுநாள் ஆன பிறகுதான் வரலாம் என்பது விதி, நியாயமான விதிதான். ஆனால் அந்த ஜூன் மாதம் முழுக்க அவள் போனது ஒன்பது நாள், கட்டணம் முழு மாதத்துக்கு. டிசம்பர் நடுவில் மூடினால் ஜனவரியில்தான் திறப்பார்கள். ஆக கிரெஷ் உடைவது பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில், அதாவது உங்களுக்கு ஆள் மிக அவசரமாகத் தேவைப்படும் அதே நாளில். இரண்டரை வயதுக்கு மேல் கதையே வேறு. சளி குறைந்துவிடும், பிள்ளைக்கும் கூட்டாளிகள் வேண்டியிருக்கும், வீட்டில் டிவி முன்னால் உட்காருவதைவிட அங்கே மண்ணில் புரளட்டும். எங்கள் பெரியவள் மூன்று வயதில் திரும்பப் போனபோது சனிக்கிழமையும் கூட்டிப் போகச் சொல்லி அழுதாள்.

தன் வீட்டில் நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் உண்டு, இங்கே டே மதர் என்பார்கள். ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவிலும், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் நம்மவர்கள் பலர் இப்படிப் பார்க்கிறார்கள். 1860-லிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள், தமிழ் பேச்சு போய்விட்டது, ஆனாலும் பாட்டியை இன்னும் "ஆயா" என்றே கூப்பிடுகிற வீடுகள். (நமக்கு ஆயா என்றால் வேலைக்கு வைத்த ஆள். முதல் தடவை ஒரு லெனேசியாக்காரர் "எங்க ஆயா ரொம்பக் கண்டிப்பு" என்றபோது நான் சம்பளம் எவ்வளவு என்று கேட்கப் போய்விட்டேன்.) ஆறு பிள்ளை வரை பதிவு தேவையில்லை என்பதால் அந்த வீட்டைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள், நீங்கள்தான் இன்ஸ்பெக்டர். நீச்சல்குளத்துக்கு வேலி இருக்கிறதா, நாய் எங்கே கட்டியிருக்கிறது, பகலில் அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள், இந்த மூன்றையும் பார்க்காமல் விடாதீர்கள். அந்த அம்மாவுக்கே காய்ச்சல் வந்தால் ஐந்து குடும்பம் ஒரே நாளில் தவிக்கும். பக்கத்தில் கிடைத்தால் எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. மிட்ராண்டிலிருந்து லெனேசியாவுக்குத் தினமும் ஓட்ட முடியாது, அதனால் எங்களுக்கு அமையவில்லை.

சரி, வீட்டில் ஆள் வைப்பது. தங்குகிறவரா, வந்து போகிறவரா என்பதில்தான் நிறையப் பேர் தவறான காரணத்துக்காகத் தங்குகிறவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "வீட்டோடு இருந்தா எப்ப வேணா கூப்பிடலாம்ல?" என்கிறார்கள். கூப்பிடக் கூடாது. தங்கினாலும் வாரத்துக்கு 45 மணி நேரம்தான், ஐந்து நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு ஒன்பது மணி. இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை தேவைப்பட்டால் எழுந்து வா என்று வைத்துக்கொள்வதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தனியே பணம் வேண்டும், அதுவும் மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் அரசு விடுமுறைக்கும் இரட்டைச் சம்பளம். அறைக்காகச் சம்பளத்தில் பிடிப்பது அதிகபட்சம் பத்து சதவீதம், அதற்கும் அந்த அறை ஒழுகாமல் இருக்க வேண்டும், ஒரு ஜன்னலாவது இருக்க வேண்டும், கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டும். கராஜுக்குப் பின்னால் பழைய பெட்டிகளோடு ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு அதற்குப் பத்து சதவீதம் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வளாகத்திலேயே ஒரு வீட்டில் தங்கும் ஆள் இருந்தார். இரவு பதினொன்றுக்குப் பால் புட்டி கழுவுவது, காலை ஐந்துக்கு இட்லிக்கு அடுப்பு பற்ற வைப்பது, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் பாத்திரம், எல்லாம் அவர்தான். எட்டு மாதம் டாக்ஸி கவலையே இல்லை என்று அந்த வீட்டம்மா எங்களிடம் பெருமைப்பட்டார். ஒன்பதாவது மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை போனவர் திரும்பவே இல்லை. தங்கும் ஏற்பாடு இப்படித்தான் உடையும், ஒரு நாளில் உடையாது, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு மொத்தமாக விழும். ஷிஃப்ட் வேலை பார்க்கும் டாக்டர், நர்ஸ், அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், இவர்களுக்குத் தங்கும் ஆள்தான் சரி. ஆனால் மணிக்கணக்கை எழுதி வைக்கும் பொறுமை இருந்தால் மட்டும்.

நாங்கள் கடைசியில் வந்து நின்றது வந்து போகும் ஆளிடம். இதில் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022-லிருந்து வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான குறைந்தபட்சக் கூலி. 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது, ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். வாரத்துக்கு 45 மணி என்றால் மாதத்துக்குச் சுமார் 195 மணி, ஆக 5,600 ரேண்ட். இதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் "அட, இவ்வளவுதானா" என்று சந்தோஷப்படுகிறார்கள். இப்போது உங்கள் நாளைப் பாருங்கள். என்-1 நெடுஞ்சாலையில் காலை ஏழுக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்புகிறீர்கள் என்றால் பதினோரு மணி நேரம் ஆகிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையைக் கழித்துக்கொள்ளலாமே என்பீர்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது இடைவேளை இல்லை, பிள்ளை அவர் பொறுப்பில் இருக்கும் வரை அது வேலைநேரம்தான். ஆக வாரத்துக்குப் பத்து மணி ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு இன்னும் 1,870 ரேண்ட் சேர்ந்து ஏழாயிரத்து ஐந்நூறைத் தொடும். இது சட்டம் போட்ட அடிக்கோடு. பிள்ளை பார்ப்பதில் நல்ல அனுபவம் உள்ளவருக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும், டாக்ஸிக் காசு தனி.

பணத்தைவிடப் பெரிய விஷயம் அந்த நேரம். உங்கள் வீட்டுக்குக் காலை ஏழுக்கு வர வேண்டுமென்றால் அவர் ஐந்துக்கு முன்பே தன் பிள்ளைகளைத் தூக்கத்தில் விட்டுவிட்டுக் கிளம்பியாக வேண்டும். நாங்கள் செய்தது, கணவர் ஆறு மணிக்கே ஆபீஸ் போய் மூன்றரைக்குத் திரும்புவது, நான் எட்டரைக்குக் கிளம்புவது. இப்படி மாற்றிக்கொண்டதும் சிசியின் வேலைநேரம் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை என்று சுருங்கியது. ஆள் தேடுவதற்கு முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இதைப் பேசியிருந்தால் இரண்டு வருஷச் சண்டை மிச்சமாகியிருக்கும் எங்களுக்கு.

பதிவு விஷயத்தில் சோம்பல் கூடாது. மாதத்துக்கு 24 மணிக்கு மேல் வேலை செய்தால் வேலையின்மைக் காப்பு நிதிக்கு அவரிடம் ஒரு சதவீதம், நம்மிடம் ஒரு சதவீதம். தொகை சின்னது, ஆனால் அவர் பிள்ளை பெறப் போகும்போது அதிலிருந்துதான் காசு வரும் (அவருக்கும் நாலு மாத விடுப்பு உண்டு, மறந்துவிடாதீர்கள்). அப்புறம் விபத்து இழப்பீட்டு நிதி. மரியா மஹ்லாங்கு என்று ஒரு பெண், கண் பார்வை குறைந்தவர், 2012-இல் பிரிட்டோரியாவில் வேலை பார்த்த வீட்டின் நீச்சல்குளத்தில் விழுந்து இறந்துபோனார். வீட்டு வேலைக்காரர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது என்று அவருடைய மகளைக் கைவிரித்து அனுப்பினார்கள். அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய், 2020 நவம்பர் 19 அன்று அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதனால்தான் இன்று நாமும் அந்த நிதியில் பதிய வேண்டியிருக்கிறது. குளம் உள்ள வீடு எடுத்திருப்பவர்கள் ஆளிடம் நீச்சல் தெரியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள் என்று நம்மவர்கள் விரும்பியும் கேட்கிறார்கள். அனுமதிச் சீட்டைக் கண்ணால் பாருங்கள். அவர்களில் பலர் இங்கே தங்கி வேலை செய்ய வைத்திருக்கும் ஜிம்பாப்வே விலக்கு அனுமதி 2027 மே 28 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குற்றம் வைத்தவர் மேல்தான், நாமே விசாவில் இருக்கும்போது இந்த விஷப்பரீட்சை வேண்டாம். அனுமதி இல்லை என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவர்களும் உண்டு, அதற்கும் சட்டத்தில் இடமில்லை.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பது. முதல் தடவை நாங்கள் ஓர் ஏஜென்சி வழியாகப் போனோம். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டோம் என்றார்கள், பணமும் வாங்கிக்கொண்டார்கள். பழைய முதலாளி என்று கொடுத்த எண்ணுக்கு நான் சும்மா ஒரு தடவை போட்டேன். "ரொம்ப நல்லவங்க, நேர்மையானவங்க" என்று ஒரே புகழ்ச்சி. உங்கள் பிள்ளைக்கு அப்போது என்ன வயது, காலையில் என்ன சாப்பிடும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் மௌனம். கடைசியில் அது அவருடைய சித்தி மகள். ஏஜென்சிக்குப் பணம் கொடுத்தாலும் ஃபோனை நீங்களே போடுங்கள், குணத்தைக் கேட்காதீர்கள், விவரத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவார், பிள்ளை கீழே விழுந்த நாளில் என்ன செய்தார், ஏன் விட்டுப் போனார். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர்களின் பதிவேடும், பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியப் பதிவேடும் இருக்கின்றன, அவர் பெயர் இல்லை என்று சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். நாளாகும், ஆனாலும் போட்டு வையுங்கள்.

நேர்முகத்தில் யாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். ஒரு முழுநாள் சம்பளம் கொடுத்து வரச் சொல்லி, நீங்கள் வீட்டிலேயே இருந்து பாருங்கள். இப்போதிருக்கும் சிசி முதல் நாள் வந்தபோது பையன் என் தோளில் கத்திக்கொண்டிருந்தான். அவர் நேராக அவனிடம் கை நீட்டவில்லை. முதலில் சிங்க்கில் கை கழுவினார், முழங்கை வரை. பிறகு தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமலேயே இரண்டு கிண்ணத்தை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தார். கத்தல் விம்மலானது. கொஞ்ச நேரத்தில் இவன் தானாக இறங்கித் தவழ்ந்து போனான். மதியம் தூக்கத்துக்கு அழுதபோது ஒரு பெரிய துண்டைக் கேட்டார், குனிந்து அவனை முதுகில் படுக்கப்போட்டு, துண்டைச் சுற்றி, நெஞ்சுக்கு மேல் ஓரத்தை இழுத்துச் செருகி, நிமிர்ந்து ஒரு குலுக்கு. "தூலா, தூலா" என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்தில் அவன் கன்னம் அவர் முதுகில் நசுங்கியபடி தூங்கிவிட்டான். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் நம்மவர்களுக்கு உரிமையோடு சொல்கிறேன். தனித் தம்ளர், தனித் தட்டு வைக்காதீர்கள். இந்த நாட்டிலும் அது இருந்தது, எஜமானி வீட்டுப் பீங்கானைத் தொடாமல் வேலைக்காரிக்கு எனாமல் குவளை. நமக்கும் அது புதிதில்லை, டீக்கடையில் இருந்ததை விட்டுவிட்டுத்தானே வந்தோம்? மாட்டிறைச்சி வீட்டுக்குள் வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். எங்கள் சிசி ரசம் சாதம் சாப்பிடுவார், சாம்பார் ஆகாது, வாரத்தில் இரண்டு நாள் சோளமாவுக் களி கிண்டுவார், எங்கள் பெரியவள் அதில் பங்கு கேட்பாள்.

இரண்டு குடும்பம் சேர்ந்து ஓர் ஆளை வைத்துக்கொள்வதும் நடக்கிறது, செலவு பாதி. எங்கள் வளாகத்தில் அது ஆறு மாதத்தில் பேச்சுவார்த்தை நின்று முடிந்தது, ஆளால் இல்லை, இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் முட்டை கொடுப்பதா வேண்டாமா என்ற தகராறால்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அன்று கணவர் லீவு போட்டார், இரண்டு நாள் கழித்து டாக்ஸி ஓடவில்லை என்றபோது நான் போட்டேன். கேப் டவுனில் 2023 ஆகஸ்ட்டில் எட்டு நாள் டாக்ஸி நின்றது, அது இங்கே நடந்தால் எங்கள் லீவு தாங்காது. வாடகைக் கார் அனுப்பிக் கூட்டி வரலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். வேலைநிறுத்த நாளில் அந்தக் கார்களையும் மறிப்பார்கள், அவரை அதில் ஏற்றுவது சரியில்லை. இப்போது மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு மதுரைக் குடும்பத்தோடு பேசி வைத்திருக்கிறோம். அவர்கள் வீட்டு ஆள் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார், அன்றைக்கு மட்டும் எங்கள் பையனும் அங்கே, அன்றைய கூடுதல் பணம் நேராக அவர் கையில். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவர்கள் பெண் எங்கள் சிசியிடம்.

டிசம்பர் மட்டும் மிச்சம். 14-ஆம் தேதி சிசி குவாசூலு நட்டாலுக்குப் பஸ் ஏறுகிறார், அவருடைய மூன்று வார விடுமுறை, ஜனவரி முதல் வாரம் தாண்டித்தான் வருவார். கிரெஷும் மூடியிருக்கும், மதுரைக்காரர்களும் ஊருக்குப் போகிறார்கள். அத்தைக்கு விசா போட்டிருக்கிறோம், வெயில் காலம் என்பதால் ஸ்வெட்டர் பிரச்சினை இல்லை. பையனுக்கு வந்திருக்கும் பத்துப் பதினைந்து வார்த்தையில் பாதி ஜூலு. நேற்று வீடியோ காலில் "அமான்ஸி, அமான்ஸி" என்று அழுதான், "என்னடி கேக்கிறான், மாங்கா வேணுமாமா?" என்றார் அத்தை. தண்ணி கேட்கிறான் என்று சொன்னேன். ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார், தூலா என்றால் சத்தம் போடாதே, வோஸா என்றால் வா.